கேரவன் ஃப்ரிட்ஜில் ஒன்பது பேனா

வளைகுடாவில் கேரவன்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றின் முசஃபா பட்டறையில் எனக்கு வேலை. ஏசியும் ஃப்ரிட்ஜும் என் பொறுப்பு. வெயில் தணியத் தொடங்கியதும் இங்குள்ள குடும்பங்கள் பாலைவனத்தில் கூடாரம் அடிக்கக் கிளம்பிவிடும். அக்டோபர் கடைசியில் எங்கள் கேரவன்கள் ஒவ்வொன்றாக மணலுக்குப் போகும், மார்ச்சில்தான் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் உண்டு. இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவதும், சீசன் முடியும்வரை பக்கத்திலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை.

அந்த வருடம் முதல் புகார் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த டிரைவர் அண்ணன் ஒருவருடையது. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று ஒரே காலையில் நான்கு முறை கூப்பிட்டார். வாடகைக்கு எடுத்த குடும்பம் இன்னும் வந்து சேரவில்லை. பிறகு யாருக்கு இந்த அவசரம் என்று யோசித்துக்கொண்டே சர்வீஸ் வேனில் போனேன்.

ஃப்ரிட்ஜுக்குள் ஈரத்துணி சுற்றிய ஒரு சின்னப் பெட்டி மட்டும் இருந்தது.

“என்னண்ணே இது?”

அவர் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “சுகர் ஊசி தங்கச்சி. ஊர்லேருந்து கொண்டாந்தது. பேனா மாதிரி இருக்கும்ல, அதுல ஒம்பது. மார்ச் வரைக்கும் இதான்.”

“ஆபீஸுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா ஸ்டீயரிங்கத் தொட விடுவாய்ங்களா? நீயும் சொல்லிப்புடாத.”

சொல்லவில்லை. அந்த மருந்து கெடாமல் இருந்தால் அவர் உடம்பு தாங்கும், உடம்பு தாங்கினால் வேலை நிலைக்கும். அதற்கு ஃப்ரிட்ஜ் குளிர வேண்டும். அது என் வேலை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கேரவன் ஃப்ரிட்ஜில் மோட்டார் கிடையாது. அடியில் சின்னதாக ஒரு கேஸ் சுடர் எரியும். அந்தச் சூட்டில் அம்மோனியா குழாய்களில் ஏறி இறங்கி உள்ளே குளிர்விக்கும். இதைச் சொன்னதும் அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துச் சிரித்தார்.

“நெருப்பு வச்சுக் குளிர வைக்கிறதா? நல்லாருக்கு கதை. உங்க சபையில ஜெபம் பண்ணி அனுப்புனாய்ங்களா?”

“ரசமட்டம் வச்சுப் பார்த்துட்டு ஜெபம் பண்ணலாம்ணே.”

வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்தால் குழாய்க்குள் ஓட்டம் நின்றுவிடும். சக்கரத்தடியில் பலகை கொடுத்து மட்டம் செய்தோம். பின்பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் அடைத்திருந்த மணலைத் தட்டினேன். ஃப்ரிட்ஜ் இருந்த பக்கம் மேற்கு வெயிலில் கிடந்ததால் வண்டியைத் திருப்பி நிறுத்தி, மீண்டும் மட்டம் பார்க்க வேண்டியிருந்தது. பர்னரில் படிந்திருந்த கரியைச் சுரண்டினேன், கதவு ரப்பர் பரவாயில்லை. பின்னால் சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறியும் பொருத்தினேன். கடைசியாக உள்ளே. பின்சுவரில் இருக்கும் அலுமினியத் தகடுகளில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் மாட்டியிருக்கும். வெப்பத்தை அளக்கும் சென்சார் அதில்தான் இருக்கிறது. அதை மேலே தள்ளத் தள்ளக் குளிர் கூடும். வெளியே வெயில் நாற்பதைத் தொட்டிருந்தது. உச்சிவரைக்கும் தள்ளினேன்.

கிளம்புவதற்கு முன் தமிழில் ஏழு குறிப்புகள் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். சூடான பாத்திரம் வைக்காதீர்கள், திணித்து அடைக்காதீர்கள், சுடர் நீலமாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள் என்பவை போல. ஏழுமே குளிர் குறையாமல் இருப்பதற்கானவை. குளிர் அதிகமாவதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஃப்ரிட்ஜ் ரொம்பக் குளிர்கிறது என்று இந்த ஊரில் யாரும் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

டிசம்பரில் அவரே கூப்பிட்டார். “தங்கச்சி, மோர் பாட்டிலு கல்லாக் கெடக்கு! உன் கையி ராசியான கையி.”

“வாரண்டி கிடையாதுண்ணே” என்று சிரித்தேன். அதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொண்டேன். பாலைவனம் குளிர ஆரம்பித்துவிட்டது, கிளிப்பைக் கீழே இறக்க வேண்டும் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஜனவரியில் அவர் விழுந்தார். வாந்தியும் மூச்சிரைப்புமாக எழ முடியாமல் கிடந்தவரை அந்தக் குடும்பத்தின் சமையல்காரர் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஊசியை ஒருநாள்கூட விடவில்லை என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். போட்டிருந்தால் இப்படி ஆகாது என்றார் டாக்டர். நோயையும் மறைத்து ஊசியையும் விட்டுவிட்டுப் பொய் சொல்கிறான் என்றார் மேலாளர். ஒருநாள் முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை கேரவனைச் சரிபார்க்கப் போனேன். ஃப்ரிட்ஜில் பின்வரிசை வெள்ளரிக்காய்கள் கண்ணாடி போல விறைத்திருந்தன. மருந்துப் பெட்டி இருப்பதிலேயே அதிகம் குளிரும் இடத்தில், அலுமினியத் தகட்டோடு ஒட்டி உறைந்திருந்தது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தேன். மைனஸ் நான்கு. பெட்டிக்குள் மடித்திருந்த தாளை அங்கேயே நின்று படித்தேன். உறைந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது, உருகிய பிறகும் கூடாது என்று இருந்தது.

மேலாளரிடம் போய் அவர் பொய் சொல்லவில்லை என்றேன். கிளிப்பை உச்சியில் வைத்தது நான் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போட்டானோ இல்லையோ, மறைத்தான், கலாஸ், அவ்வளவுதான் என்று ஹிந்தியில் முடித்துவிட்டார். விசா ரத்து, வாரக் கடைசியில் விமானம். அந்த ஊசி விஷயம் எனக்கு அக்டோபரிலேயே தெரியும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியதும், மீதி ஐந்து பேனாக்களையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் கேம்ப்பில் அவர் அறைக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“சில நாளு கட்டியா இருக்கும்” என்றார். “கக்கத்துல வச்சு எளக்கிப் போட்டுக்குவேன். நல்லாக் குளுந்திருக்குன்னுல்ல நெனச்சேன்.”

“நான் சொல்லியிருக்கணும்ணே.”

அவர் ஒரு பேனாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “தெளிவாத்தானே தங்கச்சி இருக்கு?”

“பார்த்தா தெரியாதுண்ணே.”

“அஞ்சுல ஒண்ணாச்சும் தேறாதா?”

“தேறாது.”

நான்கைக் குப்பைக் கூடையில் போட்டார். கையில் இருந்ததைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய் அந்தப் பையிலிருந்து அதை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.