அடைத்த ஓட்டை

என்னை அக்கா என்பதா, சார் என்பதா என்று தெரியாமல், எந்த முறையும் வைக்காமலே பேசிவிடுவார் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். செம்பாக்கம் ஏரிக்கரை நடைபாதையில் வைக்க ஒரு மண் சிலை செய்து தரச் சொன்னவரும் அவர்தான். ஆணாக வளர்க்கப்பட்டுப் பெண்ணாக வாழும் என்னைப் போன்ற ஓர் உடம்பு அந்தக் கரையில் பட்டப்பகலில் நிற்கும் என்று நினைத்ததுமே பைத்தியம் பிடித்தது மாதிரி வேலை செய்தேன்.

கோயிலுக்கு மண்குதிரை செய்கிறவர்களைப் போல, மண்ணைத் திரித்து வளையத்தின்மேல் வளையமாக ஏற்றினேன். முலைகள் வைத்தேன். தாடையில் உமியை அழுத்தினேன். சூளையில் உமி எரிந்துபோனால் மழித்த தாடியின் புள்ளிகள் நிற்கும். கால்களில் பூசணிக் கொடியைச் சுற்றினேன். ஒரே கொடியில்தான் ஆண்பூவும் பெண்பூவும் பூக்கின்றன, அதை எந்தச் சங்கமும் கூட்டம் போட்டு விசாரிப்பதில்லை. தொடைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விட்டேன். உள்ளே கூடான சிலைக்கு, சூட்டில் காற்றும் ஈரமும் வெளியேற அது ஒன்றுதான் வழி.

சுடுகிற அன்று காலை செயலாளர் பார்க்க வந்தார். நான் வறட்டி எடுக்க வீட்டுக்குப் பின்னால் போய்த் திரும்பியபோது கை கழுவிக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வறட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே மண் பூசித் தீ வைத்தேன். மதியம் சூளைக்குள் டமால் என்று வெடித்தது.

மறுநாள் சாம்பலைக் கிளறினால், முழுதாகக் கிடைத்தது தாடை மட்டும். பக்கத்தில் நின்ற செயலாளர் மெதுவாகச் சொன்னார்.

"அந்த எடத்துல ஓட்டை இருந்துச்சு... ஃபேமிலியோட வாக்கிங் வர்ற இடம். ஒரு மாதிரி இருந்துச்சுன்னு நான்தான் கொஞ்சம் மண்ண வெச்சு அடைச்சேன். டீசன்டா இருக்கட்டுமேன்னு."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"காத்து போக வழியில்லாம அடைச்சா வெடிக்கும் சார்! எங்க வீட்லயும் என்னை இருபது வருஷம் டீசன்டாதான் அடைச்சு வெச்சிருந்தாங்க."

"சரி, விடுங்க. இன்னொண்ணு பண்ணிக்கலாம். இந்தத் தடவ பொடவ கட்டுன மாதிரி, ஒரு அம்மா சிலை..."

"இதேதான் பண்ணுவேன். ஓட்டையோட."

அவர் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார். தொடாதீர்கள் என்றேன். சிலைக்காகச் சங்கம் ஏரிக்கரையில் முன்பே கட்டி வைத்திருந்த சிமெண்ட் பீடத்தில் அந்தத் தாடையைக் கொண்டுபோய் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.