வந்த தண்ணீரும் போன தண்ணீரும்

அந்த வேனின் குளியலறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "தண்ணீர்த் தாங்கியின் கொள்ளளவு 120 லீட்டர் மட்டுமே. தயவுசெய்து சிக்கனமாகப் பாவிக்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு தரமும் சிங்களத்தில் ஒரு தரமும் எழுதியிருந்தார்கள். தமிழில் இல்லை. தமிழ் பேசுகிறவன் ஓட்டுநர் ஆசனத்தில்தான் இருப்பான், குளியலறைப் பக்கம் வரமாட்டான் என்று முடிவுகட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அது கூடப் பரவாயில்லை. அந்த 'மட்டுமே'யைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நமுனுகுலப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில், ஒரே காம்பராவில் ஆறு பேரில் ஒருவனாக வளர்ந்தவன் நான். வெயில் காலத்தில் நூற்றிருபது லீட்டர் எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் வரும்.

பண்டாரவளையில் ஒரு முதலாளி பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளியலறை எல்லாம் பொருத்தி, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அதைத்தான் நான் இரண்டு வருஷம் ஓட்டினேன். வண்டிக்கு அடியில் இரண்டு தாங்கிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. மற்றது, குளித்ததும் கழுவியதும் வந்து சேர்கிற கழிவுத் தண்ணீருக்கு. நல்லது நூற்றிருபது லீட்டர். கழிவு ஐம்பது.

கேட்டதும் உங்களுக்கு வருகிற கேள்விதான் எனக்கும் வந்தது. நூற்றிருபது லீட்டரைப் பாவித்தால் நூறு லீட்டராவது அழுக்காகத் திரும்பி வருமே, அதை ஐம்பதுக்குள் எப்படி அடைப்பது? முதல் தாங்கியைப் பெரிதாக வைத்ததில் அடியில் அவ்வளவு இடம்தான் மிஞ்சியது என்றார் அதைப் பொருத்திய கராஜ்காரர். முதலாளியிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"வர்ற ஆளுங்க எவ்வளவு தண்ணி இருக்குன்னுதான் கேப்பாங்க. போற தண்ணிய யாரு கேக்கப்போறா?"

போகிற தண்ணீருக்கு வழியும் அவரே சொல்லிக்கொடுத்தார். தேயிலை மலைகளில், மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி, சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். கான் என்போம். கழிவுத் தாங்கி நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்ததும், ஆள் இல்லாத வளைவாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டவேண்டும். அடியில் இருக்கிற வால்வைத் திறந்து கானுக்குள் விட்டுவிடவேண்டும். வந்தவர்கள் படம் பிடிக்க இறங்குகிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். நானும் செய்தேன். முதலாளி சொன்னார், விளக்கு எரிந்தது, திறந்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

போன ஆடி மாதம் வெளிநாட்டுக் கணவன் மனைவி இருவரை ஏற்றிக்கொண்டு அப்புத்தளை, பதுளை, மடுல்சீமை என்று புறப்பட்டேன். நல்ல மனிதர்கள். சாப்பிடும்போது எனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். ஆனால் இருவரும் காலையிலும் மாலையிலும் குளித்தார்கள். அப்புத்தளை தாண்டி, வழக்கமான வளைவில் ஒரு தரம் வால்வைத் திறந்தேன். மறுநாள் மடுல்சீமை ஏற்றத்தில் இன்னொரு தரம் திறந்தேன். மலை உச்சியில் போய் நிறுத்தியபோது கழிவுத் தாங்கி காலி. நல்ல தண்ணீரும் காலி. அடுத்த நாளும் அங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார்கள்.

வண்டி நின்ற இடத்துக்குக் கீழே தேயிலை. தேயிலைக்குக் கீழே லயம். அந்த லயத்தில்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? படியில் இறங்கிப் போனேன்.

அந்த லயத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஓர் ஊற்று உண்டு. ஊற்றிலிருந்து ஒரு குழாய்த் துண்டு வழியாகத் தண்ணீர் விழும். பீலி என்போம். குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ஆடியை ஒட்டி, மழையில்லாமல் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பீலி சுண்டுவிரல் தடிப்புக்கு இளைத்துப்போகும். அப்போது முறை வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு நாலு கேன். வேலைக்குப் போகிறவர்கள் பீலியடியில் காத்துக்கொண்டு நிற்க முடியாது. கேனை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். முறை வந்ததும், அங்கே யார் நிற்கிறார்களோ அவர்கள் நிரப்பி ஓரமாக வைப்பார்கள். ஆள் இல்லாத கேனை எவரும் நகர்த்தமாட்டார்கள். இரண்டு வீட்டுக்குள் ஜென்மப் பகை இருந்தாலும் கேன் வரிசை மட்டும் கலையாது. நான் வளர்ந்த லயத்திலும் அப்படித்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் நேரே பீலியடிக்குப் போனாள்.

"என் தம்பி வண்டியில வந்தவங்க தண்ணியில்லாம மேல நிக்கிறாங்களாம். ஊரு விட்டு ஊரு வந்தவங்க, பாவம்."

பீலியடியில் நின்ற பெண்கள் அவரவர் கேனை அவரவரே எடுத்து ஓரமாக வைத்தார்கள். "இன்னக்கி எங்க முறைய விட்டுடுறோம், புடிச்சுக்கங்க" என்றார் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. பத்து லீட்டர் கேனில் பன்னிரண்டு கேன். பிடித்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. நான் ஐந்து கேன் தூக்கினேன். மற்றதை அக்காவும் பெரியம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் தலையில் வைத்து, தேயிலைக்கு நடுவே அந்தச் செங்குத்தான படியில் ஏறி வந்தார்கள். ஆறு நாள் கொழுந்து சுமந்த கழுத்து, ஏழாம் நாளும் சுமந்தது.

குடிக்கத்தான் கேட்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். குடிக்கிற தண்ணீர் வண்டிக்குள் போத்தல் போத்தலாக இருந்தது. அதை நான் சொல்லியிருக்கவேண்டும். தம்பி இவ்வளவு பெரிய வண்டி ஓட்டுகிறான் என்று அக்கா முகத்தில் ஒரு பெருமை. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் வண்டியைப் பார்க்கப் பெண்கள் பிள்ளைகளோடு மேலே வந்தார்கள். அந்த நேரம் பார்த்து அந்த வெளிநாட்டு மனிதர், நடந்துவிட்டு வந்த சப்பாத்தை வண்டிக்குப் பின்னால் இருந்த கைக்குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். செம்புழுதி போகப் போக, திருப்பித் திருப்பிக் கழுவினார். உள்ளே அவர் மனைவி தலைக்குக் குளிக்கிற சத்தம். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நாங்க தூக்கியாந்த தண்ணியா, தம்பி?"

"ஆமாங்க, பெரியம்மா."

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐம்பது லீட்டர் நிறைந்துவிட்டது. என் கை வழக்கம்போல வால்வுக்குப் போய்விட்டது, உண்மையைச் சொல்லவேண்டுமல்லவா. குனிந்தபோது கான் கண்ணில் பட்டது. கான் தேயிலையைக் குறுக்கே கடந்து நேரே பள்ளத்தில் இறங்கியது. பள்ளத்தில் ஊற்று. ஊற்றில் அக்காவின் பீலி. கையை எடுத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டேன்.

"கான்ல விடு" என்றார்.

"கீழ பீலி இருக்கு, முதலாளி. லயத்து ஆளுங்க குடிக்கிற தண்ணி."

"சோப்புத் தண்ணிதானே. மண்ணு வடிகட்டிடும்."

"எங்க அக்கா குடியிருக்கிற லயம், முதலாளி."

"அப்ப வண்டிய கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போட்டுட்டு விடு."

அங்கிட்டு இன்னொரு லயம் இருந்தது. அங்கிட்டு இருப்பவர்களுக்கும் தொண்டைதானே இருக்கிறது? முடியாதுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தண்ணீர்ப் பம்பின் சுவிட்சை நிறுத்திவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். இனிக் குளிக்க முடியாது, கழுவ முடியாது, விடிந்ததும் திரும்பவேண்டும் என்றேன். அவர்கள் முகம் சுருங்கிப்போனது. தெரியாமல் செய்துவிட்டோம் என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. தண்ணீர் தீர்ந்துபோகும் என்றுதான் கதவில் ஒட்டியிருந்தது. எங்கே போகும் என்று யாரும் அவர்களுக்கு எழுதி ஒட்டவில்லை.

இருட்டுவதற்கு முன் அக்கா வீட்டுக்குப் போனேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி சொன்னதையும் நான் எதிர்த்துப் பேசியதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அப்ப இதுவரைக்கும் எங்க தம்பி விட்ட?"

"அப்புத்தளைப் பக்கம், ஒரு வளைவுல. அப்புறம் வர்ற வழியில."

"அங்க கீழ பீலி இல்லையா?"

"தெரியலக்கா."

"எட்டிப் பாக்கலையா?"

அவள் ரொட்டியைத் தட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் வைத்தாள். அந்த வீட்டு முறைத் தண்ணீர் முழுவதும் மேலே என் வண்டிக்குள் இருந்தது. தேத்தண்ணீருக்கு யாரிடம் கைமாற்று வாங்கினாளோ, நான் கேட்கவில்லை.

விடிந்ததும் சிவப்பு விளக்கு எரிய எரிய, ஐம்பது லீட்டர் அழுக்கை அடியில் கட்டிக்கொண்டு பண்டாரவளைக்கு ஓட்டினேன். அந்த இருவரையும் அவர்களுடைய விடுதியில் இறக்கினேன். பிறகு நேரே முதலாளி வீட்டுக்குப் போய், முற்றத்தில் டேலியாப் பாத்தி ஓரமாக வண்டியை நிறுத்தி வால்வைத் திறந்துவிட்டேன். ஓர் இரவு பூராவும் ஊறிய சோப்பும் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் பாத்தி முழுக்கப் பரவியது. நாற்றம் தெருவரைக்கும் அடித்தது. முதலாளி சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"சோப்புத் தண்ணிதானே, முதலாளி" என்றேன். "மண்ணு வடிகட்டிடும்."

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வந்தேன். அந்த வாரம் முழுவதும் இந்தக் கதையைக் கேட்க ஆள் கூடினார்கள். சரியாகக் கொடுத்தாய் என்று முதுகில் தட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். அக்கா கேட்டதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது மரக்கறி லொறி ஓட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாள் அந்த அப்புத்தளை வளைவைத் தாண்டிப் போகவேண்டும். ஒரு நாள் லொறியை நிறுத்தி, கான் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். தேயிலைக்குக் கீழே ஒரு லயம். பக்கத்துப் பள்ளத்தில் பீலி. பீலியடியில் ஆள் யாரும் இல்லை, கேன்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

இரண்டு வருஷம் அவர்கள் தலைக்கு மேலே நின்று திறந்துவிட்டிருக்கிறேன். இறங்கிப் போய்ச் சொல்லவேண்டும். அதற்கு ஐந்து நிமிஷப் படிதான். முதலாளி முற்றத்தில் நின்று அவ்வளவு பேசிய நான், அந்தப் படியில் இன்னும் கால் வைக்கவில்லை.