இருமல் வராத புகை

கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே காவேரியம்மாள் தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டாள். வெட்டும்போது அது குழி என்று தெரியவில்லை.

பாப்பாரப்பட்டிக்கு வடக்கே ராகியும் அவரையும் விளைகிற மேட்டு நிலத்தில் அவள் புகுந்த வீடு. மாமியார் இல்லை. மாமனார் கிருஷ்ணப்பர், அவருடைய மூத்த மகன் ராஜப்பன், அவன் மனைவி குள்ளம்மாள், இளையவன் மாயவன். மாயவனுக்கு வாழ்க்கைப்பட்டுத்தான் காவேரியம்மாள் பொம்மிடிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள்.

கிருஷ்ணப்பருக்குச் சுங்கான் பழக்கம். மண் கிண்ணத்தில் செருகிய ஒரு சாண் மூங்கில் குழல். ஊரில் மற்ற ஆண்கள் பீடிக்குப் போய்விட்டார்கள், அவர் போகவில்லை. ஆனால் அவர் புகை பிடிப்பதைப் பார்ப்பவர்களுக்கு அது சுகம் என்று தோன்றாது. ஒரு இழுப்பு, பிறகு இருமல். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கட்டி, காறித் துப்பி, மறுபடி ஒரு இழுப்பு. குள்ளம்மாளுக்கு அந்தச் சத்தம் ஆடு கத்துகிற மாதிரி பழகிப்போயிருந்தது. புதுப் பெண்ணுக்குப் பழகவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய அப்பன் கிணற்றடியில் புகையிலை பயிரிடுகிறவர். இலை ஒடித்து, தொங்கவிட்டு, புரட்டி, அடுக்கி வளர்ந்தவள் அவள். சந்தையில் வாங்கி வந்த புகையிலைக் கட்டை அவிழ்த்துப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எல்லாம் நுனி இலை. காரம் அதில்தான் ஏறி நிற்கும். அதுவும் அந்த வருஷத்து இலை, பச்சை வாடைகூடப் போகவில்லை. கிழவர் அதை நரம்போடு கசக்கி, கிண்ணத்தில் திணித்து, கட்டைவிரலால் குத்தி அமுக்கிப் பற்றவைக்கிறார். உள்ளே காற்று போக வழியில்லை. உறிஞ்சி உறிஞ்சி இழுக்க வேண்டியிருக்கிறது. இழுக்க இழுக்கச் சூடு ஏறுகிறது. சூட்டுப் புகை தொண்டையை அறுக்காமல் என்ன செய்யும்?

மாமனார் மெச்ச வேண்டும் என்று ஆசை. அடுத்த சந்தைக்கு ராஜப்பனிடம் நடு இலையாக, போன வருஷத்துச் சரக்காகப் பார்த்து வாங்கி வரச் சொன்னாள். நடு நரம்பை உரித்து எறிந்தாள். இலையை மிளகு அளவுக்குப் பெரிதாகவும் இல்லாமல் தூளாகவும் இல்லாமல் அரிந்தாள். தூளானால் குபுகுபுவென்று எரிந்து நாக்கைச் சுடும், பெரிதானால் அணைந்து அணைந்து போகும். கொஞ்சம் வெல்லத் தண்ணீர் தெளித்தாள். வெல்லம் ஒரு சொட்டு கூடினால் அதுவே நாக்கில் அனலாகும், அதனால் விரல் நுனியால்தான் தெளித்தாள். புதுச் சட்டியில் போட்டு ஈரத்துணியால் மூடி வைத்தாள். காலையில் ஒரு பிடி எடுத்து இறுக்கித் திறந்தபோது அது உருண்டையாகவும் நிற்கவில்லை, சருகாகவும் உதிரவில்லை, மெல்லப் பிரிந்து கொடுத்தது. கிண்ணத்தின் அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக அடைத்துக் கொடுத்தாள்.

கிழவர் இழுத்தார். வீட்டிலிருந்தவர்கள் இருமலுக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னொரு இழுப்பு. அதற்கும் வரவில்லை. அவர் சுங்கானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா பண்ண இத?”

“ஒண்ணுமில்லீங்க மாமா. எலதான் வேற.”

“எல வேறயா. கை வேறன்னு சொல்லு.”

அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. இலை அரிவது, ஊறவைப்பது, அடைப்பது, குழலைத் துடைப்பது எல்லாம் அன்றிலிருந்து அவள் வேலை. பெண்கள் குழலின் வாய்ப்பக்கத்தைத் தொடுவதில்லை, எச்சில் என்று. கிண்ணத்தைப் பிடித்து நீட்டுவாள். நெருப்பை இடுக்கியில் எடுத்து மேலே வைப்பாள். அதற்கு மேல் அவளுக்குப் புகையைப்பற்றித் தெரியாது. சரியாக இருக்கிறதா என்று மாமனாரின் தொண்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். மாலையில் அந்தத் தொண்டை மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் மழை இல்லை. மாயவன் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனான். வருஷத்துக்கு ஒரு முறை, மாரியம்மன் பண்டிகைக்கு வருவான். ஐந்து நாள் இருப்பான். காவேரியம்மாள் அவனுக்குச் சோறு போடுவாள், அவன் தூங்கும்போது பார்ப்பாள், போகும்போது வண்டியின் பின்னால் நடப்பாள். குழந்தை இல்லை. எப்படி இருக்கும் என்று குள்ளம்மாள் அடுப்படியில் சொல்லிச் சிரிப்பாள்.

“வருசத்துக்கு அஞ்சு நாளு. எருமைகூட அதுக்கு மேல கேக்கும்டி.”

முதல் தடவை மாயவன் அவளைக் கூட்டிப்போகக் கேட்டபோது கிழவர் கோபப்படவில்லை. “போகட்டும்” என்றார். “நான் கண்ண மூடுனப்புறம் போகட்டும். ரொம்ப நாளு இல்ல.” பிறகு சுங்கானை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாம் தடவையும் அதே பேச்சு. கிழவருக்கோ நெஞ்சு தெளிந்து, சதை போட்டிருந்தது. இருமாமல் தூங்குகிற மனுஷன் ஏன் சாவான்?

“அறிவு கெட்டவளே, கெடுத்துக் குடு” என்றாள் குள்ளம்மாள். “பழைய மாதிரி இருமுனா இவ கை அவ்வளவுதான்னு வுட்ருவாரு.”

செய்து பார்த்தாள். நுனி இலை, நரம்போடு, சொதசொதவென்று ஈரமாக, கிண்ணம் முட்ட அமுக்கி. கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழவர் ஒரே இழுப்பில் சுருண்டுவிட்டார். முகம் நீலம் பூத்து, வாயில் எச்சில் நூலாகத் தொங்க, மூச்சு உள்ளே போகாமல் கைகளால் காற்றைப் பிறாண்டினார். ராஜப்பன் முதுகைத் தட்டினான். காவேரியம்மாள் தண்ணீர்ச் செம்போடு ஓடினாள், பாதித் தண்ணீர் வழியிலேயே போயிற்று. மூச்சு திரும்பியதும் கிழவர் முதலில் சொன்னது, “அந்தச் சந்தக்காரன் ஏமாத்திப்புட்டான்” என்பதுதான். அவள்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்குப் பிறகு அவளால் இலையைக் கெடுக்க முடியவில்லை. நடு இரவில் அந்த நீல முகம் வந்து எழுப்பியது.

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. இன்னொரு கை அந்த வேலையைப் பழக வேண்டும். குள்ளம்மாளைப் பக்கத்தில் உட்கார்த்தி அரியக் காட்டினாள், தெளிக்கக் காட்டினாள், பிடித்து இறுக்கித் திறக்கக் காட்டினாள். குள்ளம்மாள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் ஊறவைத்தால் களியாக இருந்தது. காயவைத்தால் அப்பளமாக நொறுங்கியது. வெல்லத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். கிண்ணம் ஒட்டிக்கொண்டு சுரண்ட வேண்டியதாயிற்று.

“என்னக்கா இது, ராகிக் களி கிண்டுற கைக்கு இது வராதா?”

குள்ளம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “வரும்டி. ஏன் வராது? வந்துச்சுன்னா எங்கம்மா வூட்டுக்கு ஆடிக்குப் போறதும் போச்சு. நீ மாட்டுனது போதாதா? என்னையும் கட்டிப் போடலாம்னு பாக்கறியா?”

அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. காவேரியம்மாள் இலையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு அரிந்தாள்.

நாற்பதாம் வருஷப் பண்டிகைக்கு மாயவன் வந்தபோது ஒரு சேதியோடு வந்தான். சுரங்கத்தில் அவனுக்கு லைன் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு அடுப்பு, தகரக் கூரை. குடும்பம் வைத்திருக்கிறவனுக்குத்தான் அது. மாதக் கடைசிக்குள் மனைவி வந்து சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

“தண்ணிக் கொழாய் எங்கருக்குது?” என்று கேட்டாள் காவேரியம்மாள்.

“வூட்டுக்கு எதுத்தாப்புல.”

அதையே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரிலேயே குழாய். மொரப்பூரில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டையில் மாறி, மறுநாள் அந்தக் குழாயடியில் நிற்கலாம்.

“இந்தத் தடவ நீங்க கெட்டியாக் கேக்கணும்” என்றாள்.

“கேக்கறன்” என்றான் மாயவன். அவன் சொன்ன விதத்திலேயே அவன் கெட்டியாகக் கேட்கமாட்டான் என்று தெரிந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின மாலை. கிழவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ராஜப்பன் கலப்பையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். குள்ளம்மாள் அவரைக்காய் உரித்தாள். மாயவன் தலையைச் சொறிந்துகொண்டு தொடங்கினான்.

“வூடு குடுத்துருக்கறாங்கப்பா. மாசக் கடைசிக்குள்ள குடும்பத்தோட போகலீன்னா…”

“நல்லதுதான்டா. போகட்டும். நானா வேணாங்கறன்? இன்னும் எத்தன நாளைக்கு நானு?” கிழவர் சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “காவேரி, கொண்டாம்மா.”

மாயவன் தரையைப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் கேட்டது.

காவேரியம்மாள் சுங்கானோடு வெளியே வந்தாள். கிண்ணத்தின் மேல் நெருப்பு இருந்தது. மாமனார் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. இதற்கு முன்பு அவள் இதை யோசித்ததில்லை. வாசல்படி தாண்டும்போதுதான் தோன்றியது. மருமகள் மாமனார் குழலில் வாய் வைத்தாள் என்றால் அந்தச் சுங்கானையும் எறிவார்கள், அவளையும் எறிவார்கள். எறிந்தால் புருஷன் பின்னால்தான் போய் விழ வேண்டும்.

எல்லோர் முன்னாலும் குழலை வாயில் வைத்து நன்றாக இழுத்தாள்.

“அய்யய்யோ, ஆத்தா!” என்றாள் குள்ளம்மாள். மடியிலிருந்த அவரைக்காய் கொட்டிற்று.

இருமலுக்குக் காத்திருந்தாள். நாலு பேர் முன்னால் இருமித் துப்பி, ஊரே கேட்கும்படி அசிங்கப்பட வேண்டும் என்றிருந்தது. புகை நாக்கின் மேல் படிந்தது. தொண்டையில் எங்கும் நிற்காமல் இளஞ்சூட்டோடு இறங்கிற்று. வெல்லத்தின் நிழல் மாதிரி ஒரு இனிப்பு. நெஞ்சுக்குள் ஏதோ முடிச்சு ஒன்று மெல்ல அவிழ்ந்தது. இருமல் வரவில்லை. இத்தனை வருஷமாகத் தான் கொடுத்துக்கொண்டிருந்தது இதுதானா என்று திகைத்து நின்றாள். இதை யார்தான் விடுவார்கள்?

ராஜப்பன்தான் முதலில் கத்தினான். “பொம்பளயா நீ? பெரியவங்க எச்சில வாயில வெக்கற? டேய் மாயவா, இவள இன்னிக்கே இழுத்துக்கிட்டுப் போடா. இந்த வூட்டுல இருக்கப்படாது.”

அந்த வார்த்தைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மாயவன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் பயமும் அதற்கடியில் ஒரு வெளிச்சமும் தெரிந்தன.

கிழவர் கையைத் தூக்கி ராஜப்பனை நிறுத்தினார். அவர் காவேரியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருமல் வரலியா?”

இல்லை என்று அவள் தலையாட்டினாள்.

“குடு இங்க.”

வாங்கினார். துண்டால் துடைப்பார் என்று எல்லோரும் பார்த்தார்கள். துடைக்கவில்லை. அப்படியே வாயில் வைத்து இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். புகை மெதுவாக மூக்கு வழியே வந்தது.

“அப்பா, எச்சிலுங்கப்பா” என்றான் ராஜப்பன்.

“உங்க ஆத்தா செத்தப்புறம் இந்த வூட்டுல எனக்காக ஒருத்தர் ஒண்ணு ருசி பாத்துக் குடுத்தீங்களாடா? போடா, போயி மாட்டக் கட்டு.”

ராஜப்பன் போனான். குள்ளம்மாள் குனிந்து அவரையைப் பொறுக்கினாள். காவேரியம்மாள் இன்னும் கையை நீட்டினபடி நின்றாள்.

“இனிமே நீயே மொதல்ல ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துக் குடும்மா” என்றார் கிழவர். குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. “சரியா இருக்குதா இல்லியான்னு எனக்கு முந்தி உனக்குத் தெரிஞ்சுரும்ல?”

விடியற்காலையில் ராஜப்பன் வண்டி பூட்டினான். மாயவன் ஏறிக்கொண்டான். “ஒரு ஆறு மாசம் பொறு புள்ள” என்றான். அவள் ஊர் எல்லைவரை நடந்துவிட்டுத் திரும்பினாள். அந்த லைன் வீட்டில் மறுமாதம் சவுரியப்பன் என்ற ஆம்பூர்க்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியேறியதாகப் பிறகு தெரியவந்தது.

அன்று மாலை கிழவர் கட்டிலிலிருந்து கூப்பிட்டார். காவேரியம்மாள் அடைத்தாள். நெருப்பு வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, குழலை வாயில் வைத்து இழுத்தாள்.

“எப்படி?”

“கொஞ்சம் ஈரம் கூடிப்போச்சுங்க மாமா” என்றாள். இன்னொரு தடவை அடைத்து எடுத்துவர உள்ளே போனாள்.