கவ்விக்குப் பூ கேட்ட வெள்ளிக்கிழமை

அம்மன் முன்னால் பொய் சொன்னால் கண் போய்விடும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதனால்தான் அந்த இரண்டு வாரமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவின் கண்ணைப் பார்த்தேன்.

சங்கதி டிராக்டரில் ஆரம்பித்தது. அப்பாவிடம் சின்ன டிராக்டர் ஒன்று இருந்தது. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். காம்பவுண்டு சுவர் எழுப்புவதற்கு முன்னால் உள்ளே நிற்கிற வேம்பு, புளி, தைலமரம் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்ப்பார்கள். சாய்த்த கட்டையை லாரி நிற்கிற ரோடு வரைக்கும் கொண்டுவந்து போடுவது அப்பாவின் வேலை. சங்கிலி கட்டித் தரையோடு இழுத்து வருவார். கட்டை முழுக்கக் கல்லும் மண்ணும் ஏறிவிடும். அறுக்கிற மில்லில் ரம்பத்தின் பல் போகிறது என்று சத்தம் போட்டார்கள். இப்படித் தரையில் தேய்க்காமல் கொண்டுவர முடிந்தால் வா, இல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று மரம் வெட்டும் மேஸ்திரி சொல்லிவிட்டார். ஆக, டிராக்டரில் எதையாவது வாங்கி மாட்டியாக வேண்டும்.

எதை மாட்டுவது என்பதில்தான் வீடு இரண்டாகப் போனது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்பு சம்பந்தப்பட்ட எதையும் தன்னைக் கேட்காமல் யாரும் வாங்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு டிராக்டர் கடைக்கு அவர்தான் கூட்டிப்போனார். திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போகலாம் என்றதால் அம்மாவும் நானும் ஒட்டிக்கொண்டோம்.

கடையில் இரண்டு சாமான் காட்டினார்கள். ஒன்று, டிராக்டரின் முன்பக்கம் மாட்டுகிற கவ்வி. நண்டின் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து கட்டையைக் கவ்வி, தலைக்கு மேல் தூக்கிக் காட்டும். இன்னொன்று, பின்னால் மாட்டுகிற இரும்புச் சட்டம். வில்லாக வளைந்து, கீழே இரண்டு சக்கரம். கட்டையின் ஒரு முனையை மட்டும் அதில் உயர்த்திக் கட்டி இழுத்துப்போகலாம்; வால் நுனி மட்டும் தரையில் படும், அதை அறுத்துத் தள்ளிவிடலாம். பார்க்க ஒன்றுமே இல்லை.

"இது இன்னா மச்சான், உக்காந்த கொசு மாதிரி கீது" என்றார் மாமா.

எங்களுடையதைப் போலவே ஒரு சின்ன டிராக்டரில் கவ்வியை மாட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு கட்டையைத் தூக்கிக் காட்டினார். அப்பாவும் மாமாவும் அண்ணாந்து கட்டையைப் பார்த்தார்கள். நானும் அம்மாவும் பக்கவாட்டில் நின்றிருந்தோம். அம்மா என் தோளை அழுத்தினாள். குனிந்து பார்த்தேன். டிராக்டரின் பெரிய பின்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, அந்தரத்தில் நின்று, திரும்ப இறங்கியது.

"இன்னாங்க, பின்சக்கரம் எழும்புதுங்க."

"அதுக்குத்தாம்மா பின்னாடி வெயிட்டு கட்டிக்கணும்" என்றார் கடைக்காரர்.

"மேடு பள்ளத்துல போவும்போது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "அக்கா, நீ மாவு அரைக்கறப்போ நான் வந்து எதுனா சொல்றனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "மாப்ள சொன்னா சரிதான். கவ்வியே எடுத்துக்கலாம்" என்றார். அடுத்த வாரம் பணத்தோடு வருவதாகக் கடையில் சொல்லிவிட்டு வந்தோம். எனக்கும் கவ்விதான் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள அதில்தான் விஷயம் இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா சண்டை போடவில்லை. சோறு வேளைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. நான்காம் நாள் அப்பா கை கழுவும்போது மட்டும் சொன்னாள்.

"அடுத்து நீங்க கட்டை எடுக்கப்போற ஏரி ஓரத்து மனை பூரா சரிவு. கட்டையத் தூக்கினு எறங்கினா வண்டி மூக்கு குத்தும். வண்டிக்குக் கீழ நீங்கதான் இருப்பீங்க."

"டீக்கடைல அத்தினி பேர்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப மாத்தினா, பொண்டாட்டி பேச்சைக் கேட்டுட்டான்னு உம் தம்பியே சிரிப்பான்."

"நான் சொல்ல வேணாம். ஆத்தா சொல்லட்டும். பூ கேட்டுடலாம்."

அம்மன் பெயரைச் சொன்ன பிறகு அப்பாவால் மறுக்க முடியவில்லை. பெண் பார்ப்பதோ, போர்வெல் போடுவதோ, வீட்டில் பேச்சு முடியாமல் போனால் எங்கள் ஊரில் பூ கேட்போம். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாக இலையில் மடித்து வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். வயதுக்கு வராத பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் முடிவு. செவ்வரளி வந்தால் கவ்வி, நந்தியாவட்டை வந்தால் சட்டம் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு செடியும் எங்கள் வாசலிலேயே இருந்தன. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள் என்பதால் பறித்துக் கட்டுகிற வேலை அம்மாவுக்கு.

எடுக்கிற வேலை எனக்கு. மாமா ஷிஃப்டு முடிந்து யூனிஃபார்மோடு வந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, சிவப்பு, சிவப்பு என்று வேண்டி எடுத்தேன். பூசாரி நாரைப் பிரித்தார். வெள்ளை.

"இன்னா பாப்பா, மாமன கவுத்துட்ட" என்றார் மாமா.

அப்பா கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டார். "ஆத்தா சொல்லிட்டா மாப்ள! இதுக்கு மேல பேச்சே கெடையாது" என்று கோயிலே அதிரச் சொன்னார்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வா என்று என் கையில் கொடுத்தார்கள். எனக்குக் கிடைக்காமல் போன சிவப்பை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று மரத்துக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா சட்டத்தை வாங்கி மாட்டி, ஏரி ஓரத்து மனைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அம்மா முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அம்மனை ஏமாற்றி வாங்கிய சாமான் அது. அம்மன் அப்பாவைத் தண்டிப்பாளா, அம்மாவைத் தண்டிப்பாளா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடப்பேன். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எங்கள் டிராக்டர் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கண்தான் வேண்டுமென்றால் என்னுடையதை எடுத்துக்கொள் தாயே என்று ஒரு நாள் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்தது. திரும்ப ஓடிப்போய், இடது கண் மட்டும் என்று திருத்திவிட்டு வந்தேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவின் இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டு கிடந்தன.

மெட்ராஸ் கண் ஊர் பூராவும் வந்திருந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. மாமாவுக்கும்கூட வந்து கம்பெனியில் லீவு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த காரணம் வேறு. வாசல் குழாயடியில் அப்பா சட்டத்தின் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அந்தப் பொட்டலத்திலும் வெள்ளைதான், அம்மா பொய் சொல்லிவிட்டாள், அம்மன் கண்ணைப் பிடுங்குகிறாள்.

அப்பா குழாயை மூடினார். வீட்டுப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

அவர் தோள் குலுங்கியது. சத்தமே வராமல் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"அடிப் போடி. அன்னிக்குக் காலைல நான் அரளிச் செடிகிட்ட நின்னுதான் பல்லு வெளக்கினு இருந்தேன். உங்கம்மா அந்தப் பக்கமே வர்ல."

"அப்போ ஆத்தா கோச்சிக்க மாட்டாளா?"

"கடைல நாங்க மூணு ஆம்பள நின்னோம். ஒருத்தன் கண்ணுலயும் அந்தச் சக்கரம் படல. உங்கம்மா கண்ணுலதான் பட்டுச்சு. அந்தக் கண்ணப் போயி ஆத்தா எடுப்பாளாடி?"

ஈரக் கையோடு எழுந்துபோய் நாலைந்து நந்தியாவட்டை பறித்தார். பூவரச இலையில் மடித்து என் கையில் வைத்தார். "போயி அம்மா கண்ணு மேல வை. சூடு எறங்கும். நான் குடுத்தேன்னு சொல்லாத."

இமையின் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். யார் பறித்தது என்று அம்மா கண்ணை மூடியபடியே கேட்டாள். நான்தான் என்றேன். அதுவும் பொய்தான், வெள்ளிக்கிழமையும்கூட.

மூன்றே நாளில் அம்மாவுக்குக் கண் தெளிந்தது. என் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மன் கோபப்படவில்லை என்ற மட்டில் எனக்கு நிம்மதி. ஆனால் எல்லாம் தெரிந்திருந்தும், அன்று கோயிலில் அப்பா ஏன் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவ்வளவு சத்தமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.