மெத்தடிஸ்ட் ஹைமி

ஹைமி லுபெல்ஸ்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, பக்கத்துக் கட்டில்காரரின் பைஜாமாவுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முறிந்தது இடுப்பு எலும்பு; கைகளுக்கு ஒன்றுமில்லை. லீட்ஸ் நகரில் முப்பத்தெட்டு வருடம் கோட்டுத் தைத்தவரைச் சும்மா படுக்கச் சொன்னால் கேட்பாரா?

மறுநாள் காலை அறுவை சிகிச்சை. நர்ஸ் படிவத்தோடு வந்தாள். பெயர் சொன்னார், வயது சொன்னார்.

"மதம், ஐயா?"

"மெத்தடிஸ்ட்."

அவர் மனைவி ஃப்ரீடா தேநீர்க் கோப்பையை ணங்கென வைத்தாள். "ஆமாம்மா. சனிக்கிழமை தவறாம யூதர் ஜெபக்கூடத்துல முதல் வரிசையில உக்கார்ற மெத்தடிஸ்ட்."

நர்ஸ் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, "பேசி முடிவு பண்ணுங்க" என்று படிவத்தை வைத்துப் போனாள்.

நான் அவர்களுடைய அடுத்த வீட்டுக்காரி. நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். அதனால் ஃப்ரீடா என்னையும் இழுத்து வந்திருந்தாள். எங்கள் தெருவில் ஹைமியின் கதை தெரியாத யூதர் கிடையாது. 1941இல் பிரிட்டிஷ் சிப்பாயாகக் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டபோது, அவர் கழுத்தில் தொங்கிய ராணுவ அடையாளத் தகட்டில் யூதன் என்று பொறித்திருந்தது. கூட இருந்த எர்னஸ்ட் ஹோல்ராய்ட் அதை அறுத்துக் கடலில் எறிந்தான். அவன் மெத்தடிஸ்ட் சபைக் கிறிஸ்தவன், சுரங்கத் தொழிலாளி. கைதி முகாமில் நான்கு வருடம் தன் சபைப் பாட்டுகளை ஹைமிக்குச் சொல்லிக்கொடுத்தான். தூங்குகிறவரை உதைத்து எழுப்பி, "என்ன மதம்?" என்பான். தடுமாறினால் இன்னொரு உதை. ஊர் திரும்பி, கல்யாணம் செய்து, இரண்டு பெண்களை வளர்த்த பிறகும், காகிதத்தோடு யார் வந்து கேட்டாலும் ஹைமிக்கு அதே பதில்தான் வரும். மூத்தவள் கல்யாணத்தில் எர்னஸ்ட், "எங்க சபையிலயே மோசமான பாடகன் இவன்தான்" என்று வாழ்த்தினான்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாதிரியாரைக் கூப்பிடுவாங்க" என்றாள் ஃப்ரீடா. "நம்ம ஆளுங்க குளிப்பாட்டித் துணி சுத்த வேண்டிய உடம்பு. நாப்பத்தேழு வருஷம் நான் யாரோட குடும்பம் நடத்தினேன், ஹைமி?"

"வாயால சொல்றது வேற. யூதன்னு பட்டியல்ல எழுதினா அங்கேயே இருக்கும். யார் கைக்குப் போகும்னு தெரியாது."

"நான் எழுதறேன்."

"நீ எழுதினா நான் அந்த ஆபரேஷன் மேசையில படுக்க மாட்டேன்."

ஃப்ரீடா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தகட்டில் பொறித்தது ராணுவம், எறிந்தது எர்னஸ்ட், இப்போது எழுதத் துடிப்பது இவள். பேனாவை அவரிடம் யாரும் கொடுத்ததே இல்லை. எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"கிளம்பு, ஃப்ரீடா. அவரே எழுதட்டும்."

"மறுபடி அதையே எழுதினா?"

"எழுதட்டுமே. உடம்பு அவரோடது."

காலை ஏழு மணிக்குப் போனபோது நர்ஸ் படிவத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்னங்க, டாக்டர் கையெழுத்து மாதிரி இருக்கு?"

மதத்துக்கான கட்டத்துக்குள் எங்கள் எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக, கோணல்மாணலாக, 'யூதன்' என்று இருந்தது.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எழுதினது" என்றார் ஹைமி.

ஃப்ரீடா இரண்டு தரம் படித்தாள். அதன் கீழே தங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதி, "புரியலைன்னா இதுக்குக் கூப்பிடுங்க" என்று நர்ஸிடம் கொடுத்தாள். பிறகு ஹைமியின் பல்செட்டைக் கழற்றி வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். தள்ளுகட்டிலை உள்ளே கொண்டுபோனார்கள்.