தொள்ளாயிரம் முறுக்கு

தெரிந்தவர் ஒருவரின் மகள் கல்யாணத்துக்குத் தொள்ளாயிரம் முறுக்குச் சுட்டுத் தருவதாக அம்மாவும், அவளுடைய அக்காவான என் பெரியம்மாவும், அப்பாவின் தங்கையான அத்தையும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா விவரமானவர். தாளில் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆளுக்கு முந்நூறு என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு. தாளில் அது இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை அவர் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பொட்டலத்தின்மேல் யார் பெயர் முதலில் வருவது என்று பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டையாம். இருவரும் மாவைக்கூடப் பிசையவில்லையாம். அம்மா தன் முந்நூறைக் காட்டினாள்.

"முந்நூறு யாரும்மா கேட்டா? மூணு பேரும் சேர்ந்து தொள்ளாயிரம்னு சைன் பண்ணீங்க. யார் தந்தாலும் சரி, எனக்கு மொத்தமும் வேணும். நாளைக்குக் காலைல மாப்பிள்ளை வீட்டுல வந்துருவாங்க லா," என்றார். குரல் உயரவில்லை.

எனக்குப் பத்து வயது. அவர் போலீசோடு திரும்பி வருவார் என்றே நம்பினேன். அம்மா இருவருக்கும் போன் செய்தாள், எடுக்கவில்லை. தேக்கா சந்தைக்கு ஓடி மாவு வாங்கி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பாதி முடிவதற்குள் அச்சை அழுத்தி அழுத்தி அவள் உள்ளங்கை கன்றிப்போனது. துணியைச் சுற்றிக்கொண்டு பிழிந்தாள். மாலையில் அவர் வண்டி கீழே வந்து நின்றபோது கடைசி ஈடு இன்னும் எண்ணெயில் கிடந்தது. லிஃப்டில் அவர் மேலே வருவதற்குள் அதையும் அள்ளிவிட்டாள்.

கல்யாணத்தில் பெரியம்மாவும் அத்தையும் முன்வரிசையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, முறுக்கைப் பாராட்டியவர்களிடம் கூச்சமே இல்லாமல் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் சும்மா இருக்கிறாய் என்று அம்மாவைக் கேட்டேன்.

"மூணு பேரும்தானே தரேன்னு சொன்னோம்," என்றாள்.

அவள் ஏமாளி, கூட இருப்பவர்கள் யாரென்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று பல வருடம் நினைத்திருந்தேன். போன மாதம் தோழிகள் இருவரோடு சேர்ந்து ஒரு வாடகை ஒப்பந்தத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனாவை எடுத்ததும் இருவர் முகத்தையும் பார்த்தேன். யார் கைவிடுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. போட்டேன்.

பெரியம்மாவைப் பிறந்ததிலிருந்தும் அத்தையைத் தனக்குக் கல்யாணமான நாளிலிருந்தும் அறிந்தவள் அம்மா. தெரிந்தேதான் போட்டிருக்கிறாள்.