வெளிநாட்டு நெத்தலி வந்த வருடம்

மன்னார்த் தீவில், பேசாலைப் பக்கத்தில் பெண்கள் சங்கம் ஒன்றுக்குக் கள உத்தியோகத்தராக இருந்தேன். சங்கத்தவர்கள் நெத்தலி காயவைத்து விற்பவர்கள். பாதிப்பேர் தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள்.

ஒரு காலை, வழமையாகக் கருவாடு எடுக்கும் முதலாளி லொறியோடு வந்தார். மூட்டைகளைப் பார்த்தார். ஏற்றவில்லை.

"இனி இந்த விலைக்கு எடுக்கேலாது, மிஸ். இறக்குமதி வரியைக் குறைச்சாப் பிறகு பக்கத்து நாடுகளில இருந்து நெத்தலி கப்பல் கப்பலா வருது. கொழும்பில அதைத்தான் கேக்கினம்."

சங்கத் தலைவி ஜெசிந்தா கணவனைக் கடலில் இழந்தவள். இந்த வருமானத்தில்தான் மகளை உயர்தரம் படிப்பித்தாள். அந்த மாதமே மகளின் ரியூசன் நின்றது. இன்னொரு பெண் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்தாள்.

"வெளிநாட்டுக் கருவாட்டை நிப்பாட்டச் சொல்லுவம், வாங்கோ" என்று ஜெசிந்தா என்னையும் அரசாங்கக் கந்தோருக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அது அரசாங்கங்களுக்கிடையில செய்த ஒப்பந்தம், எங்கட கையில இல்லை" என்றார்கள் அங்கிருந்த அதிகாரிகள்.

"அப்ப ஆர்தான் அதை வாங்கினம் எண்டு பாப்பம்" என்றாள். பாலம் தாண்டி நானாட்டான் சந்தைக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே லெட்சுமி என்றொரு பெண் அந்த நெத்தலியை வாங்கிக்கொண்டு நின்றாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறி, வயலில் கூலிவேலை செய்பவள். ஜெசிந்தா நேரே கேட்டாள்.

"ஏன் தங்கச்சி, எங்கட கடல் மீன் கிடக்க இதை வாங்கிறியள்?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. இது வந்தப்புறந்தான் எங்க வூட்டுல அடிக்கடி கருவாட்டுக் கொழம்பு. ஒங்களது வெல கூட. வாங்குனாலும் மண்ணு கடிக்குது, புள்ளைங்க துப்பிருதுங்க."

ஜெசிந்தாவின் முகம் இறுகிப்போனது. திரும்பும்போது பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியது. அப்போது சொன்னாள்: "அவள் சொன்னது பொய்யில்லை, மிஸ். நாங்கள் மணலிலதானே காயப்போடுறம்."

மறுநாள் கம்பு நட்டு, மணல் படாமல் காயவைக்கப் பழைய வலையை உயரமாக இழுத்துக் கட்டினோம். மீனை நல்ல தண்ணீரில் கழுவினோம், உப்பைக் குறைத்தோம். முதல் தடவை போட்டது முழுவதும் மழையில் பழுதாகியது. சிலர் விலகப் பார்த்தார்கள். "திரும்பப் போடுவம்" என்று ஜெசிந்தா வலையை உதறினாள்.

காய்ந்ததைக் கூலிக்காரரும் வாங்கக்கூடிய சின்னப் பைக்கற்றுகளாகக் கட்டி, நாங்களே நானாட்டானுக்கும் இலுப்பைக்கடவைக்கும் கொண்டுபோனோம். கப்பலில் வந்ததைவிட எங்களுடையது கொஞ்சம் விலை கூடத்தான். ஆனாலும் மண் கடிக்காததால் விற்றுப்போனது. ஜெசிந்தாவின் மகள் திரும்ப ரியூசனுக்குப் போனாள். குவைத்துக்குப் போக நின்றவளை மட்டும் எங்களால் மறிக்க முடியவில்லை. எங்கள் கையில் காசு புழங்கத் தொடங்குமுன் அவள் விமானம் ஏறிவிட்டாள்.

எல்லை திறந்தால் ஒரு வீட்டு அடுப்பில் குழம்பு கொதிக்கும், இன்னொரு வீட்டு அடுப்பு அணையும். இரண்டையும் நான் கண்ணால் கண்டவள். கதவைச் சாத்தச் சொல்லிக் கத்துவதில் எங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. இப்போதும் வெளிநாட்டுப் புதுச் சரக்கு இறங்கியது என்று கேள்விப்பட்டால், சங்கத்துப் பெண்கள் முதலில் அதில் கொஞ்சம் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் என்ன செய்யலாம் என்று பேசச் சங்கக் கூட்டம்.